மருந்தால் தோல் உரியும் நோய்: மரபணுவும் நோய் எதிர்ப்பு மண்டலமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிப் படுகையில் தோல் மருத்துவம் பார்க்கும் நான், நோயாளிகளின் குடும்பத்தார் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மருத்துவமனை வராந்தாவில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன விடைகளை உட்கார்ந்து முழுமையாக எழுதிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். ஒரே ஒரு நிலைமை விதிவிலக்கு. அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

தீக்காயம் பட்டதுபோலத் தோல் உரிகிறது என்கிறார்களே, அது என்ன நோய்?

உட்கொண்ட மருந்துக்கு எதிராக நம் நோய் எதிர்ப்பு மண்டலமே கிளம்பி, மேல்தோலின் செல்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வதால் வரும் நோய் இது. 1922-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்னும் இரு மருத்துவர்கள், காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கண் அழற்சியும் உடல் முழுவதும் தடிப்பும் கண்ட இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் பெயரால் அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறித்தொகுப்பு எனப்படுகிறது. 1956-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆலன் லயல், கொதிநீர் கொட்டியதுபோல உடல் முழுவதும் தோல் கழன்றுபோன நான்கு நோயாளிகளை விவரித்தார். அந்தக் கடும் வடிவத்துக்கு நச்சு மேல்தோல் அழிவு என்று பெயர்.

இவ்விரண்டும் ஒரே நோயின் இரு முனைகள் என்பதே இன்றைய புரிதல். உடல் பரப்பில் பத்து விழுக்காட்டுக்குக் குறைவாகத் தோல் கழன்றால் முதல் வகை; முப்பது விழுக்காட்டுக்கு மேல் கழன்றால் இரண்டாம் வகை; இடைப்பட்டது இரண்டும் கலந்த நிலை. விரல்களோடு சேர்ந்த நம் உள்ளங்கை ஏறத்தாழ ஒரு விழுக்காடு என்று கணக்கிடுவது வழக்கம். முதல் வகையில் இறப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குள் அடங்குவார்கள். இரண்டாம் வகையில் முப்பது பேரையும் தாண்டக்கூடும்.

இது எவ்வளவு அரிது?

பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு ஓரிருவர் முதல் ஏழெட்டுப் பேர் வரை என்று பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். அந்தக் கணக்கை இங்கே பொருத்தினால், மாத்திரை விழுங்கும் இத்தனை பேரில் ஆண்டுக்குச் சில பேர் முதல் சில பத்துப் பேர் வரைதான் வருவார்கள். ஆனால் மருந்தை முன்கூட்டியே தேர்ந்து கொடுத்திருந்தால் அவர்களில் சிலருக்கு இது வந்தே இருக்காது. ஆகையால் அரிய நோய்தானே என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

காய்ச்சலும் கொப்புளமும் வந்தால் எங்கள் வீட்டில் அம்மை என்றுதான் சொல்வார்கள். எப்படி வேறுபடுத்துவது?

இந்தப் பக்கத்தில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, புன்னைநல்லூர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு காத்திருப்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக வரும் ஒழுங்கு. பெரும்பாலான சின்னம்மை தானாகவே இறங்கிவிடும் என்பதால் அந்தக் காத்திருப்பால் கெடுதல் நேர்வது குறைவு. ஆனால் மருந்தால் வரும் இந்த நோய்க்கு அந்த நான்கைந்து நாள்களே உயிருக்கு உலை வைக்கின்றன. போதாக்குறைக்கு, அம்மை வீட்டில் ஊசி மருந்து கூடாதென்று மருத்துவமனையைத் தவிர்ப்பவர்கள்கூட, நோயை உண்டாக்கிய அதே வலிப்பு மாத்திரையை "அது வழக்கமான மாத்திரைதானே" என்று தொடர்ந்து கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சின்னம்மையில் பனித்துளி போன்ற நீர்க்கொப்புளங்கள் முதலில் முகத்திலும் மார்பிலும் முதுகிலும் தோன்றும். புதியதும் பழையதும் ஒரே நேரத்தில் கலந்திருக்கும். அரிப்பு அதிகமாக இருக்கும். மருந்து நோயிலோ முதல் ஓரிரு நாள் காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல் என்று சாதாரணச் சளிக்காய்ச்சல் போலவே தொடங்கும். பிறகு நடுவில் கருஞ்சிவப்பும் சுற்றிலும் வெளிறிய வளையமுமாகத் தடிப்புகள் வரும். அவற்றில் அரிப்பைவிட வலியும் எரிச்சலுமே மிகுந்திருக்கும். உதடுகள் வெடித்து, இரத்தம் உறைந்து, கறுத்துப் பொருக்குத் தட்டும். கண் சிவந்து இமைகள் ஒட்டிக்கொள்ளும். சிறுநீர் கழிக்கும்போது எரியும். தடிப்பின் அருகில் விரலால் அழுத்தித் தேய்த்தால் மேல்தோல் ஈரத்தாள்போல நழுவும். வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு இடங்களில் புண் இருந்து, கடந்த எட்டு வாரத்துக்குள் புதிதாக ஏதேனும் மருந்து தொடங்கியிருந்தால், அம்மையா இல்லையா என்ற விவாதத்தை மருத்துவமனையில் வைத்துக்கொள்ளலாம்.

வாய்ப்புண்ணை "உடம்புச் சூடு" என்று எண்ணி மணத்தக்காளிக் கீரையோடு நிறுத்திக்கொள்வதும், கொப்புளத்தை அக்கி என்று கருதிக் காவி பூசி "அக்கி எழுதுவதும்" இதே வகைத் தாமதங்கள்தான். மேல்தோல் கழன்ற இடத்தில் எந்த மண்ணும் படக்கூடாது. கிருமி நேரே இரத்தத்தில் இறங்கும்.

எந்தெந்த மருந்துகளால் வருகிறது? எத்தனை நாளில்?

வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமசெபைன், ஃபெனிட்டாய்ன், ஃபீனோபார்பிட்டால், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினால், கோட்ரைமாக்சசோல் முதலிய சல்ஃபா மருந்துகள், எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் நெவிராபின். பைராக்சிகாம், மெலாக்சிகாம் போன்ற சில வலிநிவாரணிகள். பெரும்பாலான வழக்குகளுக்கு இந்தச் சிறு பட்டியலே காரணம். குழந்தைகளுக்குச் சில வேளை மருந்தே இல்லாமல் மைக்கோபிளாஸ்மா என்னும் நுரையீரல் கிருமியாலும் இதை ஒத்த நோய் வரும்.

மருந்தை முதன்முறையாகத் தொடங்கிய நான்காம் நாளிலிருந்து இருபத்தெட்டாம் நாள் வரையே ஆபத்து மிகுந்த காலம். நேற்று மாலை விழுங்கிய மாத்திரையைக் காட்டி "இதனால்தான்" என்று சண்டை போடுகிறவர்கள், மூன்று வாரத்துக்கு முன் தொடங்கிய மாத்திரையைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். காய்ச்சலுக்கென்று கடைசியாக வாங்கிய மாத்திரை பெரும்பாலும் நிரபராதி. அந்தக் காய்ச்சலே நோயின் முதல் அறிகுறியாக இருந்திருக்கும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடவும் அறுவடையும் நடக்கும் நாள்களில் உடல்வலிக்கென்று மருந்துக்கடையில் "ஒரு செட் கொடுங்க" என்று கேட்டு, அட்டையிலிருந்து பிரித்துச் சிறு காகித உறையில் போட்ட நான்கைந்து மாத்திரைகளை வாங்கிச் செல்கிறார்கள். வெண்ணாற்றுக்கு அப்பாலிருந்து ஆறாம் நாள் அழைத்து வரப்பட்ட ஒரு பெண்ணின் பையில் வேப்பிலைக் கொத்தும் பெயர் எழுதாத அத்தகைய உறை ஒன்றும் இருந்தன. "மஞ்சள் மாத்திரை ஒன்று, வெள்ளை இரண்டு" என்பதற்கு மேல் குடும்பத்தாரால் எதுவும் சொல்ல முடியவில்லை. அவர் பிழைத்தார், ஆனால் வாழ்நாள் முழுவதும் எந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்பதை இன்றுவரை யாராலும் அவருக்கு உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

ஒரே மாத்திரையை ஆயிரம் பேர் சாப்பிட்டால் ஒருவருக்கு மட்டும் ஏன் வருகிறது?

விடையின் பெரும்பகுதி ஆறாம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் இருக்கிறது. அங்குள்ள ஹெச்.எல்.ஏ. என்னும் மரபணுக் கூட்டம், செல்களின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு வகைப் புரதத்தை உருவாக்குகிறது. செல்லுக்குள் இருக்கும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தூக்கி வெளியே காட்டுவதே அதன் வேலை. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் ஏந்திவரும் தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் அந்தத் தட்டை எட்டிப் பார்த்து, இருப்பது சொந்தப் பண்டமா அயல் பண்டமா என்று முடிவு செய்கின்றன. வைரஸ் புகுந்த செல் இப்படித்தான் பிடிபடுகிறது.

இந்தத் தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறுபடும். மனித இனத்தில் ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. ஒவ்வொரு வகைக்கும் எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர் உண்டு. அவற்றுள் ஒன்று ஹெச்.எல்.ஏ.-பி*15:02. 2004-இல் தைவான் ஆய்வாளர்கள், கார்பமசெபைனால் இந்நோய் கண்ட ஹான் சீனர் 44 பேரைச் சோதித்தபோது 44 பேரிடமும் இந்த வகை இருந்தது. அதே மருந்தைத் தொல்லையின்றிச் சாப்பிட்டவர்களிலோ நூற்றுக்கு மூன்று பேரிடம்தான் இருந்தது. மருத்துவ மரபியலில் இவ்வளவு துலக்கமான தொடர்பு அபூர்வம். மறு ஆண்டே அலோபியூரினாலுக்கு ஹெச்.எல்.ஏ.-பி*58:01 என்று தெரியவந்தது. அங்கும் கடும் எதிர்வினை கண்ட 51 பேரிடமும் அது இருந்தது. 2013-இல் டாப்சோன் என்னும் தொழுநோய் மருந்துக்கு பி*13:01 என்று சீனாவில் கண்டறிந்தார்கள்.

இவற்றுக்கு வேறு பயன்களும் இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அபாகவிர் என்னும் எச்.ஐ.வி. மருந்துக்கு ஆகாத பி*57:01 வகைதான், எச்.ஐ.வி. கிருமியை மருந்தில்லாமலே நெடுங்காலம் அடக்கிவைக்கும் சிலரிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. ஆகவே இதைக் "கெட்ட மரபணு" என்று சொல்வது பொருந்தாது.

ஹெச்.எல்.ஏ. மட்டுமே முழு விடை ஆகாது. ஃபெனிட்டாய்னை உடலிலிருந்து வெளியேற்றும் சி.ஒய்.பி.2சி9 என்னும் நொதியின் மந்தமான வகையைப் பெற்றவர்களுக்கு மருந்து இரத்தத்தில் தேங்கி, ஆபத்து கூடுகிறது என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அலோபியூரினாலின் விளைபொருள் தேங்குவதும் அப்படித்தான். லாமோட்ரிஜினோடு வால்ப்ரோயேட் என்னும் மற்றொரு வலிப்பு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் முன்னதன் அளவு ஏறத்தாழ இரு மடங்காகும். எனவேதான் அந்த மருந்தை வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். அவசரப்பட்டு முழு அளவை ஒரேயடியாகத் தொடங்குவது மரபணுவைவிடப் பெரிய குற்றம் என்பேன்.

மருந்தைப் பார்த்து நோய் எதிர்ப்பு மண்டலம் ஏன் ஏமாறுகிறது? உள்ளே நடப்பது என்ன?

மருந்தின் மூலக்கூறு மிகச் சிறியது. டி செல் கண்டு மிரளும் அளவுக்கு அது பெரிய பொருளே அன்று. அப்படியிருந்தும் மிரள்வது எப்படி என்பதற்கு மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. மருந்து உடலின் புரதத்தோடு இறுகப் பிணைந்து, அந்தப் புரதத்தையே அயலானாக்கலாம்; பெனிசிலின் அப்படிச் செய்யும். அல்லது தட்டின் விளிம்பில், டி செல் தட்டைத் தொட்டுணரும் உறுப்பான ஏற்பிக்கும் தட்டுக்கும் நடுவே, தற்காலிகமாக ஒட்டிக்கொண்டு இரண்டையும் தவறாக இணைக்கலாம். கார்பமசெபைன் 15:02 தட்டில் செல்லுக்குள் செரிக்கப்படாமலே நேரடியாக ஒட்டுகிறது என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். மூன்றாவது வழிதான் மிக விந்தையானது. அபாகவிர் தட்டின் குழிக்குள் போய் அமர்ந்துகொள்கிறது. குழியின் வடிவம் மாறிவிடுவதால் முன்பு அங்கே உட்காராத சொந்தப் புரதத் துண்டுகள் உட்காருகின்றன. சொந்தப் பண்டமே ஆனாலும் இதுவரை பந்திக்கே வராத பண்டம் என்பதால் டி செல்கள் அதை அயல் என்று முடிவு செய்கின்றன.

மிரண்ட டி செல் பெருகுவதற்கு நாள் பிடிக்கும். மாத்திரை தொடங்கி ஓரிரு வாரம் ஒன்றும் நேராமல் இருப்பது அதனால்தான். ஒருமுறை பழகிய டி செல்கள் நினைவோடு உடலில் தங்கிவிடுவதால், அதே மருந்தை மறுபடி கொடுத்தால் ஓரிரு நாளிலேயே, முன்னிலும் கடுமையாகப் பாய்கின்றன.

பிறகு நடப்பதில் ஒரு புதிர் நெடுங்காலம் இருந்தது. கழன்ற தோலை நுண்ணோக்கியில் பார்த்தால் மேல்தோல் முழுத் தடிமனும் செத்துக் கிடக்கும். ஆனால் அங்கே டி செல்கள் கொஞ்சமே தென்படும். இத்தனை சிறிய படையால் இவ்வளவு பெரிய அழிவு எப்படி? 2008-இல் தைவான் குழுவினர் கொப்புளத்து நீரையே எடுத்துச் சோதித்தார்கள். கொல்லும் டி செல்களும் இயற்கைக் கொல்லி செல்களும் சுரக்கும் கிரானுலைசின் என்னும் சிறு புரதம், வழக்கமாகக் குற்றம் சாட்டப்பட்டு வந்த பெர்ஃபோரின், கிரான்சைம், ஃபாஸ் பிணைப்பி ஆகியவற்றைவிட நூறு மடங்கு முதல் பல்லாயிரம் மடங்கு வரை அங்கே மிகுந்திருந்தது. அதை எலித்தோலில் செலுத்தியபோது கொப்புளமும் செல்சாவும் நேர்ந்தன. செல்லோடு செல் முட்டிக்கொள்ளாமல் திரவத்தில் கலந்தே பரவிக் கொல்லக்கூடிய பொருள் அது என்பதால் புதிரின் பெரும்பகுதி அவிழ்ந்தது.

என் தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அங்கே கார்பமசெபைன் தருவதற்கு முன் இரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். இங்கே ஏன் எடுப்பதில்லை?

மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களிலிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. தென்கிழக்காசியாவில் பி*15:02 வகை மிகப் பரவலாக இருப்பதால் சிங்கப்பூர், தாய்லாந்து, தைவான் ஆகிய நாடுகள் இந்தச் சோதனையை வழக்கமாக்கிவிட்டன. தைவானில் 4,877 பேரை மருந்துக்கு முன் சோதித்து, அந்த வகை இருந்த 7.7 விழுக்காட்டினருக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பழைய கணக்குப்படி சுமார் பத்துப் பேருக்காவது நோய் வந்திருக்க வேண்டும், ஒருவருக்கும் வரவில்லை என்று 2011-இல் அறிவித்தார்கள். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2007-இலேயே ஆசிய மரபினருக்கு இந்தச் சோதனையைப் பரிந்துரைத்துவிட்டது. இந்தியர் உள்ளிட்ட தெற்காசியரிடம் இந்த வகை சராசரியாக 2 முதல் 4 விழுக்காடு என்றும், சில பிரிவினரிடம் கூடுதல் என்றும் கார்பமசெபைனுக்கான அமெரிக்க மருந்துக் குறிப்பு சொல்கிறது.

இந்தியாவிலும் சான்று இல்லாமல் இல்லை. கார்பமசெபைனால் இந்நோய் கண்ட எட்டுப் பேரைக் குஜராத்தில் சோதித்தபோது ஆறு பேரிடம் 15:02 இருந்ததாக 2009-இல் வெளியிட்டார்கள். நமக்கு இன்னும் நெருக்கமானது மலேசிய ஆய்வு. அங்குள்ள இந்திய வம்சாவளியினரில் பெரும்பாலோர் தமிழர்; அவர்களிடம் 15:02-க்கும், அதோடு ஏ*31:01 என்னும் வேறொரு வகைக்கும் இந்நோயோடு தொடர்பு காணப்பட்டது. ஆகவே 15:02 மட்டும் பார்க்கும் சோதனை நம் மக்களுக்கு முழுப் பாதுகாப்பு ஆகாது. இரண்டையும் பார்ப்பதே முறை என்பது என் கருத்து.

இங்கே எடுக்காததற்குக் காரணம் செலவும் முடிவு வரப் பல நாள் ஆவதும்தான். வலிப்பு வந்து துடிக்கும் ஒருவருக்கு மருந்தைத் தள்ளிப்போட முடியாது. ஆனால் முகநரம்பு வலிக்கோ மனநலச் சிக்கலுக்கோ கார்பமசெபைன் எழுதும்போது சில நாள் காத்திருக்க முடியும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

சோதனையில் அந்த மரபணு இருந்தால் நோய் கட்டாயம் வருமா? இல்லையென்றால் பயமே வேண்டாமா?

இரண்டும் இல்லை. 15:02 உள்ளவர்கள் கார்பமசெபைன் சாப்பிட்டாலும் நூற்றில் சில பேருக்கே நோய் வருகிறது. மருந்தையும் தட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி உள்ள டி செல்லும் அவரிடம் இருந்தாக வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனாலும் மாற்று மருந்து இருக்கும்போது அந்தச் சில பேரில் ஒருவராகத் துணிவதில் பொருளில்லை. மரபணு இல்லை என்று வந்தால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது, அற்றுப்போவதில்லை. முதல் இரண்டு மாதம் வாயையும் கண்ணையும் தோலையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஐந்தாறு ஆண்டுகளாக வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்திவிடட்டுமா?

நிறுத்தவே கூடாது. கார்பமசெபைனால் இந்நோய் வருபவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் முதல் சில மாதங்களுக்குள்ளேயே வந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஒத்துக்கொண்ட உங்களுக்கு அதன் ஆபத்து மிக மிகக் குறைவு. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து உயிரே போகலாம்.

தொடக்கத்தில் சொன்ன விதிவிலக்கு இதுதான்: புதிதாகத் தொடங்கிய மருந்தின் முதல் வாரங்களில் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, வலியுள்ள தடிப்பு ஆகியவை சேர்ந்து வந்தால், அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலிப்பு மாத்திரையாக இருந்தாலும் அப்படித்தான். லெவெட்டிராசிட்டம், குளோபசாம் போன்ற வேறு மருந்தை அங்கே உடனே தொடங்குவார்கள்.

யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது என்று ஆய்வகச் சீட்டில் வந்தது. அலோபியூரினால் சாப்பிடலாமா?

மூட்டு வீக்கமோ சிறுநீரகக் கல்லோ இல்லாமல் வெறும் எண் மட்டும் சற்றுக் கூடியிருந்தால் பெரும்பாலோருக்கு மருந்தே தேவையில்லை. முழு உடல் பரிசோதனைச் சலுகையில் அச்சாகி வந்த ஒரு தடித்த எழுத்து எண்ணுக்காக இந்த மருந்தைத் தொடங்கியவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சினம் வருகிறது. யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வீங்கும் கவுட் நோய் உண்மையிலேயே உள்ளவர்களுக்கு இது மிக நல்ல மருந்து. நாளொன்றுக்கு 100 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவரிடம் பி*58:01 சோதனை பற்றிப் பேசலாம்.

தொழுநோய் மருந்துக்கும் இப்படி வருமா?

கூட்டு மருந்து அட்டையில் உள்ள டாப்சோனால் சிலருக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் காய்ச்சல், தடிப்பு, நெறிகட்டு, மஞ்சள்காமாலை ஆகியவை சேர்ந்து வரும். இது தோல் கழலும் நோயிலிருந்து வேறுபட்டது. கல்லீரலே இதில் பெரும்பாலும் பலியாகிறது. மருந்து தரும் சுகாதாரப் பணியாளரிடம் அன்றே சொல்லுங்கள். டாப்சோனை நீக்கிவிட்டு மற்ற மருந்துகளால் சிகிச்சையைத் தொடர முடியும்.

ஒவ்வொரு முறை மாத்திரை போடும்போதும் அதே இடத்தில் கறுப்பு வட்டம் வருகிறது. அதுவும் இந்த வகையா?

உறவு உண்டு, ஆனால் சாதுவான உறவு. உதட்டிலோ கையிலோ பிறப்புறுப்பிலோ ஒரே இடத்தில் சிவந்து, எரிந்து, பிறகு மாதக்கணக்கில் கறுத்து நிற்கும் இது, சல்ஃபா, மெட்ரோனிடசோல், சில வலிமாத்திரைகள் ஆகியவற்றால் வருவது. அந்த வட்டத்துக்குள் நினைவு டி செல்கள் குடியேறி, காவல்காரர்போல அங்கேயே உட்கார்ந்திருக்கின்றன. மருந்து வந்தவுடன் சில மணி நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டு, அதே மருந்தைத் திரும்பத் திரும்ப எடுத்தால் வட்டங்கள் பெருகி, சிலருக்கு உடல் முழுவதும் கொப்புளமாகிவிடும்.

இது தொற்றுமா? சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு வருமா?

தொற்றாது. நோயாளியைத் தனி அறையில் வைப்பது அவரிடமிருந்து நம்மைக் காக்க அன்று, நம்மிடமிருந்து அவரைக் காக்க.

இரண்டாம் கேள்விக்குச் சற்று விளக்கம் தேவை. ஹெச்.எல்.ஏ. வகைகளில் ஒன்று தந்தையிடமிருந்தும் ஒன்று தாயிடமிருந்தும் வருகின்றன; இரண்டும் வேலை செய்கின்றன. ஆகவே ஆபத்தான வகை ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்ததால் இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் நோய் என்று இல்லை. ஒரு பிரதி உடையவரின் பிள்ளைக்கு அது போய்ச் சேரும் வாய்ப்பு பாதி. உடன்பிறந்தாரிடம் இருக்கும் வாய்ப்பும் குறைந்தது பாதி. உறவுமுறைத் திருமணங்கள் மிகுந்த குடும்பத்தில் அத்தை, மாமா, சித்தப்பா பிள்ளைகளிடமும் அது இருக்கும் வாய்ப்பு மற்றக் குடும்பங்களைவிடக் கூடுதல். மருந்து உள்ளே போகாதவரை அந்த மரபணுவால் தோலுக்கு எந்தத் தீங்கும் இல்லை. எனவே பெண் பார்க்கும்போது விசாரிக்க வேண்டிய செய்தி இதுவன்று. இரத்த உறவினருக்கு அதே மருந்தை எழுதும்போது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி மட்டுமே.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

காரணமான மருந்தை நிறுத்துவதே முதல் சிகிச்சை. விரைவாக வெளியேறும் மருந்தாக இருந்து, அதை முன்கூட்டியே நிறுத்தினால் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதன் பிறகு தீக்காயப் பிரிவில் செய்வதைப் போன்ற பராமரிப்பு: உடல் சூடு காத்தல், நீரும் உப்பும் ஊட்டமும் கொடுத்தல், கிருமி நுழையாமல் காத்தல். கழன்ற தோலைப் பிய்த்தெடுக்காமல் அதையே இயற்கைக் கட்டாக விட்டுவைப்பது வழக்கம். வயது, நாடித்துடிப்பு, புற்றுநோய், கழன்ற பரப்பு, இரத்தத்தில் யூரியா, சர்க்கரை, பைகார்பனேட் ஆகிய ஏழையும் பார்த்து ஆபத்தைக் கணிக்கிறார்கள்.

பல இந்திய மருத்துவமனைகளில் இந்நோயாளிகளைச் சுத்தப்படுத்திய வாழையிலையின் மேல் படுக்க வைக்கிறார்கள். மெழுகு பூசியதுபோல் வழுவழுப்பான இலை புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சியாக இருக்கும், திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆனால் தோட்டத்திலிருந்து அறுத்த இலையை வீட்டிலேயே விரித்துப் படுக்க வைத்துவிட வேண்டாம். வார்டில் பயன்படுத்துவது கிருமிநீக்கிய இலை.

கண் மருத்துவரை முதல் நாளே அழைக்க வேண்டும். தோல் சில வாரங்களில் மறுபடி வளர்ந்துவிடும்; ஆனால் இமையும் விழியும் ஒட்டிக்கொண்டு பார்வை போனால் மீட்பது கடினம். தேவைப்பட்டால் பனிக்குடச் சவ்வைக் கண்ணின் மேல் போர்த்துகிறார்கள்.

நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்து கொடுத்தால் போதாதா?

கேட்க எளிது, பாடம் கசப்பானது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் புரதத்தை அடக்கும் என்று நம்பி, பிரான்ஸில் தாலிடோமைடு கொடுத்துப் பார்த்தார்கள். அம்மருந்து பெற்ற பன்னிரண்டு பேரில் பத்துப் பேரும், பெறாத பத்துப் பேரில் மூன்று பேரும் இறந்ததால், 1998-இல் வெளியான அந்தச் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. அதே டி.என்.எஃப்.-ஐ வேறு விதமாகத் தடுக்கும் எட்டானர்செப்ட் ஊசியோ, 2018-இல் வெளியான தைவான் சோதனையில் ஸ்டீராய்டைவிட விரைவாகத் தோலை ஆற்றியது. சைக்ளோஸ்போரின், ஸ்டீராய்டு ஆகியவற்றையும் பல இடங்களில் கொடுக்கிறார்கள். எது சிறந்தது என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

2024 அக்டோபரில் நேச்சர் இதழில் வந்த ஒரு கட்டுரை என் கவனத்தை ஈர்த்தது. நோயாளிகளின் தோல் துணுக்குகளில் தனித்தனி செல்களின் புரதங்களை அளந்த ஜெர்மன் ஆய்வாளர்கள், செல்லுக்குள் அழற்சிக் கட்டளையைக் கடத்தும் ஜாக்-ஸ்டாட் என்னும் செய்தித்தடம் கொழுந்துவிட்டு எரிவதைக் கண்டார்கள். மூட்டுவாதத்துக்கு ஏற்கெனவே பயன்படும் ஜாக் தடுப்பான்களைச் சீனாவில் ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்தபோது ஏழு பேரும் தேறினார்கள். ஏழு என்பது சிறிய எண். ஒப்பீட்டுச் சோதனை நடக்க வேண்டும்.

குணமாகி வீடு திரும்பிய பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

தோலில் கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுகள் ஓராண்டுக்கு மேலும் நிற்கலாம். நகங்கள் விழுந்து முளைக்கலாம். கண் வறட்சிக்குத் தொடர்ந்து சொட்டு மருந்து தேவைப்படும். பெண்களுக்குப் பிறப்புறுப்பில் ஒட்டுதல் ஏற்பட்டிருக்கலாம். வெட்கத்தால் இதை யாரும் கேட்பதில்லை, ஆகவே நானே கேட்டுவிடுவேன்.

காரணமான மருந்தின் பொதுப்பெயரை ஓர் அட்டையில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். வணிகப்பெயர் போதாது, ஒரே மருந்து கடைக்குக் கடை வெவ்வேறு பெயரில் கிடைக்கும். கார்பமசெபைனால் வந்திருந்தால் ஆக்ஸ்கார்பசெபைன், ஃபெனிட்டாய்ன், ஃபீனோபார்பிட்டால், லாமோட்ரிஜின் ஆகியவற்றையும் அட்டையில் சேர்க்கச் சொல்வேன். வடிவத்தில் இவை ஒத்திருப்பதால் ஒன்றுக்கு மிரண்ட டி செல் மற்றொன்றுக்கும் மிரளலாம். "கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்போம்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம்.

நடந்ததை யாரிடம் தெரிவிப்பது? புகார் கொடுப்பதுபோல் ஆகிவிடாதா?

இது புகார் ஆகாது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத்தர ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டம், மருத்துவரோ கடைக்காரரோ நோயாளியோ குடும்பத்தாரோ யார் தெரிவித்தாலும் பதிவு செய்துகொள்கிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உண்டு. மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, முதல் தடிப்பு தோன்றிய தேதி ஆகிய மூன்றும் அதில் முதன்மையானவை. காகித உறையில் மாத்திரை வாங்கியவர்கள் முதல் கட்டத்திலேயே நின்றுவிடுகிறார்கள். ஆகவே அடுத்த முறை கடையில் வாங்கும்போது, பிரித்துக் கொடுத்தாலும் பெயர் அச்சிட்ட அட்டைத் துண்டையும் சேர்த்துக் கொடுக்கும்படி கேட்டு வாங்குங்கள்.